அப்பீலில் கோர்ட் பீ குறைந்தால்: ரிட்டர்ன் ஆன கட்டைக் காப்பாற்றும் வழி

பணத் தாவாவில் (பணம் கேட்டுப் போடும் சிவில் வழக்கில்) தோற்று அப்பீல் போடுகிறவர்கள் முதலில் சறுக்குவது கோர்ட் பீயில்தான். கீழ்க்கோர்ட்டில் தாவாவுக்கு எவ்வளவு கட்டப்பட்டதோ அதே தொகையைக் கட்டிவிட்டு நிம்மதியாக இருப்பார்கள். அப்பீல் காகிதக் கட்டு 'கட்டணம் குறைவு' என்ற குறிப்போடு ரிட்டர்ன் ஆகும்.

இதற்கு 1955-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நீதிமன்றக் கட்டணச் சட்டத்தில் 52-ஆம் பிரிவைப் பார்க்க வேண்டும். தாவாவுக்கும் அப்பீலுக்கும் விகிதம் ஒன்றுதான். முன்பு நூற்றுக்கு ஏழரை ரூபாயாக இருந்தது, 2017 திருத்தத்தில் 3 ரூபாயானது. ஆனால் பிரிவுக்குக் கீழே உள்ள விளக்கத்தைப் பலர் படிப்பதில்லை. தாவா போட்ட நாளிலிருந்து டிக்ரி (தீர்ப்பின்படி கோர்ட் தரும் முறையான ஆணை) நாள் வரை ஓடிய வட்டியும் அப்பீல் மதிப்பில் சேரும். 5 லட்ச ரூபாய் தாவா, 9 சதவீத வட்டி, தீர்ப்பு வர 4 வருடம் என்று வையுங்கள். வட்டி 1,80,000. அப்பீல் மதிப்பு 6,80,000. கட்ட வேண்டியது 20,400 ரூபாய். தாவாவில் கட்டியது 15,000. இந்த 5,400-க்காகத்தான் கட்டு திரும்பி வருகிறது. வழக்குச் செலவுத் தொகையைச் சேர்க்க வேண்டாம். தாவாவில் தோற்ற வாதி இந்த இடைக்கால வட்டியை விட்டுக்கொடுப்பதாக மெமோவிலேயே (அப்பீல் மனுவிலேயே) எழுதினால் அதற்குக் கட்டணம் இல்லை. டிக்ரியில் ஒரு பகுதியை மட்டும் எதிர்த்தால் அந்தப் பகுதிக்குக் கட்டினால் போதும்.

பீ குறைவாக இருப்பதாலேயே அப்பீல் செத்துவிடாது. குறைவான கோர்ட் பீ ஸ்டாம்போடு போட்டாலும் அது அப்பீல்தான் என்று மன்னன் லால் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1970-லேயே சொல்லிவிட்டது. சிவில் நடைமுறைச் சட்டம் 149-ஆம் பிரிவின்படி கோர்ட் அனுமதித்து மீதியைக் கட்டினால், முதல் நாளே முழுதாகக் கட்டியதாகக் கணக்கு. அனுமதிப்பது கோர்ட்டின் விருப்புரிமை. கேட்டவுடன் கிடைத்துவிடும் என்று இருக்கக் கூடாது.

ஆளைக் கவிழ்ப்பது ரிட்டர்னுக்குப் பிறகு நடக்கும் தாமதம்தான். குறிப்பில் எத்தனை நாள் அவகாசம் என்று இருக்கும். அது ரிட்டர்ன் தேதியிலிருந்து ஓடும். கட்டை வாங்காமல் கவுன்டரிலேயே விட்டுவைத்தாலும் ஓடும். கெடு தாண்டினால் மனுக்களைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். மீதிக் கட்டணம் கட்ட அவகாசம் கேட்பது 149-இன் கீழ். ரிட்டர்ன் ஆன கட்டைத் திரும்பத் தாக்கல் செய்ததில் தாமதம் என்றால் அதே சட்டத்தின் 151. அப்பீலையே காலக்கெடு தாண்டிப் போட்டிருந்தால் காலவரையறைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு. ஒன்றைப் போட்டு இன்னொன்றை விட்டால் கட்டு மறுபடியும் ரிட்டர்ன்தான். அபிடவிட்டில் (மனுவோடு வைக்கும் உறுதிமொழிப் பத்திரத்தில்) தேதிவாரியாகக் காரணம் சொல்லுங்கள். 'கட்டு வேறு கட்டோடு கலந்துவிட்டது' என்பதைக் கேட்டுக் கேட்டு நீதிபதிகளுக்குப் புளித்துவிட்டது. பணம் புரளவில்லை என்றால் அதையே சொல்லலாம். அதோடு பணம் கட்டிய ரசீதையும் வைத்தால் மனுவுக்கு எடை கூடும். எதுவுமே செய்யாமல் விட்டால் மெமோ நிராகரிக்கப்படும், டிக்ரி அப்படியே நிற்கும், அடுத்த தபாலில் டிக்ரிப் பணத்தை வசூலிக்கப் போடும் நிறைவேற்று மனுவின் நோட்டீஸ் வரும்.

கட்டவே வழியில்லாதவர்களுக்கு சிவில் நடைமுறைச் சட்டத்தின் ஆர்டர் 44 இருக்கிறது: வறியவராக அப்பீல் செய்ய அனுமதி மனு. இதில் ஒரு பொறி உண்டு. ஐகோர்ட்டுக்குச் சாதாரண அப்பீல் 90 நாள். வறியவர் மனுவுக்கு 60 நாள்தான். மற்ற கோர்ட்டுகளில் இரண்டுக்கும் 30 நாள். தீர்ப்பு நகல் வாங்க ஆன நாட்கள் கழியும், ஆகையால் நகல் மனுவைத் தீர்ப்பு வந்த மறுநாளே போடுங்கள். கீழ்க்கோர்ட்டிலேயே வறியவராக அனுமதிக்கப்பட்டவர், டிக்ரிக்குப் பிறகும் நிலைமை மாறவில்லை என்று அபிடவிட் கொடுத்தால் புது விசாரணை வேண்டியதில்லை. எதிர்த்தரப்போ அரசு வழக்கறிஞரோ மறுத்தால் மட்டும் விசாரிப்பார்கள். மனு தள்ளுபடியானாலும் பீ கட்ட அவகாசம் தர கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு. அன்றே, அதே மூச்சில் கேட்டுவிடுங்கள்.

கோர்ட் பீயும் டிக்ரித் தொகை டெபாசிட்டும் வேறு வேறு. பீ கட்டியதால் ஸ்டே கிடைத்துவிடாது. பண டிக்ரிக்கு ஸ்டே கேட்டால் டெபாசிட்டோ ஜாமீனோ தனியாகக் கேட்பார்கள். பீ குறைவால் மெமோ நிராகரிக்கப்பட்டாலும், ஏற்கெனவே கட்டிய தொகை போய்விட்டது என்று விட்டுவிட வேண்டாம். அதை முழுதாகவோ பகுதியாகவோ திருப்பித் தர உத்தரவிடலாம் என்று அதே 1955 சட்டம் 66-ஆம் பிரிவில் இடம் வைத்திருக்கிறது. கேட்டு மனுப் போட்டால்தான் உத்தரவு வரும்.