அம்மம்மா அறையின் சுவர்

2024 மே 6, திங்கள்

இறுதி ஆண்டுத் தொகுப்புக்குத் தலைப்பு வந்துவிட்டது: இயற்கை. துணி வடிவமைப்புப் படிக்கிற எனக்கு இந்த முறை துணி இல்லை, வோல்பேப்பர். ஒரு பெரிய வடிவம், அதோடு சேர்ந்து போகிற மாதிரி இரண்டு சின்ன வடிவங்கள். ஏழு கிழமை அவகாசம்.

தாமரை, மயில், நீலோற்பலம், தென்னோலை என்று பத்துப் பக்கம் கீறிக்கொண்டு போனேன். மிஸ் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் நீர் பார்த்துக் கீறினதா, இல்லாட்டி விமான நிலையத்துக் கடையில வாங்கினதா?" என்று கேட்டார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். எனக்குத்தான் 101 பஸ்ஸில் வெள்ளவத்தை வந்து இறங்கும் வரைக்கும் காது சூடாக இருந்தது.

வோல்பேப்பர் என்றால் நான் பார்த்ததெல்லாம் சலூன்களிலும் கலியாண மண்டபங்களிலும்தான். செங்கல் மாதிரித் தெரிகிற வினைல் தாள்! கல்லை அடுக்கி, சீமெந்து பூசி, பெயின்ற் அடித்து, கடைசியில் அதன் மேல் கல்லின் படத்தை ஒட்டுகிறோம்.

மே 10, வெள்ளி

விடியவே பெத்தகான ஈரநிலப் பூங்காவுக்குப் போனேன். 2018இல், ஈரநிலங்களைக் காப்பதற்கான ராம்சார் உடன்படிக்கையின் கீழ், ஈரநில நகரம் என்று முதன்முதலாக அங்கீகாரம் பெற்ற 18 நகரங்களில் கொழும்பும் ஒன்று. அந்தப் பட்டியலில் தலைநகரம் இது மட்டும்தான். தலைநகரம் கோட்டே அல்லவா என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம், பெத்தகான கோட்டேயில்தான் இருக்கிறது.

பலகைப் பாதையில் உட்கார்ந்து மூன்று மணித்தியாலம் கீறினேன். ஒரு கபரகொய்யா, தண்ணீரில் வாழ்கிற பெரிய உடும்பு, எனக்குக் கீழே, தண்ணீரில் வாலை மட்டும் அசைத்துக்கொண்டு, அரை மணித்தியாலம் அப்படியே கிடந்தது. அதன் முதுகில் மஞ்சள் புள்ளிகள் வரிசையாகத்தான் இருக்கின்றன. ஆனால் எண்ணப் போனால் ஒரு வரிசை மற்ற வரிசையோடு ஒத்துப்போகவில்லை.

அதிகம் கீறியது வெல் ஆத்தா இலையைத்தான். சிங்களத்தில் அதற்கு அந்தப் பெயர். எங்கள் அன்னமுன்னாவின் இனம், காய் மட்டும் வழுவழுப்பு. அமெரிக்கப் பக்கத்திலிருந்து வந்து கொழும்பு ஈரநிலங்களில் கண்டபடி பரவிவிட்ட செடி. குறிப்புக் கொப்பியில் 'வந்தேறி' என்று எழுதிவிட்டு உடனே வெட்டினேன். இந்த நாட்டில் ஒரு செடிக்குக்கூட அந்தச் சொல்லை எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் இலை வடிவான இலை. மேல்பக்கம் எண்ணெய் பூசிய மாதிரி மினுங்குகிறது, நடு நரம்பில் இலேசாக மடிந்து, தோணி போல.

மே 15, புதன்

ஐந்து நாளாகக் கணினிக்கு முன்னால். வோல்பேப்பர் றோல் ஒன்றின் வழமையான அகலம் 53 சென்ரிமீற்றர், நீளம் 10.05 மீற்றர். என் வடிவம் 64 சென்ரிமீற்றருக்கு ஒரு தடவை திரும்பி வருகிறது. பக்கத்துத் துண்டை அதில் பாதி, அதாவது 32, கீழே இறக்கி ஒட்டினால் திரும்பி வருவது உடனே கண்ணில் படாது. ஹாஃப் டிரொப் என்பது அதுதான்.

படாது என்று புத்தகம் சொல்கிறது. எனக்குப் பட்டது. இலைகள் பரவாயில்லை, ஒன்றுக்குள் ஒன்று போய்விடுகின்றன. நடுவில் ஒரு கொக்கை நிற்க வைத்தேன். அதுதான் பிழை. முழுச் சுவருக்கும் விரித்துப் பார்த்தபோது ஒரே கொக்கு, ஒரே காலைத் தூக்கிக்கொண்டு, முப்பது இடத்தில். ஆமிக்காரரின் அணிவகுப்பு மாதிரி.

ஆங்கில வடிவமைப்பாளர் வில்லியம் மொரிஸ் தன் முதல் வோல்பேப்பரை, ரோஜாக் கொடி ஏறிய சட்டத்தை, 1862இல் வரைந்தபோது அதில் உள்ள பறவைகளை வரைந்தது அவர் இல்லையாம். நண்பர் பிலிப் வெப் வரைந்து கொடுத்திருக்கிறார். எனக்கு அப்படி ஒரு நண்பர் இல்லை. கொக்கை அழித்துவிட்டேன்.

மே 23, வியாழன், வெசாக்

படிப்பு இல்லை. இரவு லேன் முழுக்க வெசாக் விளக்குக் கூடுகள். எட்டு மணிக்கு ஒரு மழை. முன்வீட்டுக் கூட்டின் சிவப்புத் தாள் சாயம் கரைந்து, அடியில் கிடந்த வெள்ளை நாற்காலியில் சொட்டிக்கொண்டிருந்தது. தாளும் தண்ணீரும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்று அப்போதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மே 27, திங்கள்

திரையில் பார்த்தது போதும், சுவரில் பார்க்க வேண்டும். வெல் ஆத்தா வடிவத்தை ஒரு துண்டு அச்செடுத்து, கோதுமை மாவில் பசை காய்ச்சி, அம்மம்மாவின் அறைச் சுவரில் ஒட்டினேன். வீட்டில் சும்மா இருக்கிற சுவர் அது ஒன்றுதான். சும்மா இருப்பதற்குக் காரணம் உண்டு. கடல் பக்கச் சுவர், அதற்கு மேலே ஓட்டையான மழைத்தண்ணீர்ப் பீலி. வீட்டுக்காரரிடம் இரண்டு வருடமாகச் சொல்கிறோம்.

அம்மம்மா கட்டிலில் இருந்து பார்த்தார். "வடிவாத்தான் கிடக்கு. பிள்ளை, இது நிக்குமோ?"

நிற்கும் என்றேன்.

ஜூன் 1, சனி

நிற்கவில்லை. மூன்று நாள் மழை. மேல் மூலை தானாகக் கழன்று முன்னுக்கு வளைந்து நிற்கிறது, யாரையோ எட்டிப் பார்க்கிற மாதிரி. அடிப்பக்கத்தைக் கரப்பான் தின்றிருக்கிறது. நடுவில் கறுப்புப் புள்ளிகள், பூஞ்சணம். அம்மம்மா ஒன்றும் சொல்லவில்லை. தைலப் போத்தலை எடுத்து மூக்குக்குப் பிடித்துக்கொண்டார், அவ்வளவுதான்.

ஜூன் 5, புதன்

மருதானையில் புத்தகம் கட்டுகிற நானாவிடம் போனேன். நாற்பது வருடமாகப் பசையோடு வாழ்கிற மனிதர். என் கதையைக் கேட்டுவிட்டு, "மகள், மா காய்ச்சக்குள்ளயே கொஞ்சம் மயில்துத்தம் போடணும். இல்லாட்டிக் கரப்பான் திண்டிரும்" என்றார். மயில்துத்தம் என்றால் செப்புசல்பேற்று. பழைய கணக்குக் கொப்பி ஒன்றைத் திறந்து காட்டினார். ஒட்டின இடத்தில் இலேசான நீலப் பச்சை. ஒரு பூச்சி ஓட்டை இல்லை.

பழைய காலத்து ஐரோப்பிய வோல்பேப்பர்களின் பச்சையும் செம்பு கலந்ததுதான், ஆனால் கூடவே ஆர்சனிக். சுவீடன்காரர் ஷீலே 1775இல் கண்டுபிடித்த சாயம். மொரிஸின் அந்த ரோஜாக் கொடிப் பச்சையில்கூட ஆர்சனிக் இருந்ததைப் பிற்காலத்தில் சோதித்துக் கண்டிருக்கிறார்கள். இலையை இலை போலக் காட்ட நஞ்சைப் பூசியிருக்கிறார்கள்.

மயில்துத்தமும் நஞ்சுதான். அம்மம்மாவின் அறையில் அது வேண்டாம் என்று அம்மா ஒரே சொல்லில் முடித்துவிட்டார். இனிக் கடையில் விற்கிற வோல்பேப்பர் பசைத் தூள்தான். எப்படியும் ஈரச் சுவரில் எந்தப் பசையும் நிற்காது. முதலில் சுவர் காய வேண்டும், சுவர் காயப் பீலி திருந்த வேண்டும், பீலி திருந்த வீட்டுக்காரர் போன் எடுக்க வேண்டும்.

ஜூன் 8, சனி

இன்று ஒட்டின தாளை உரித்தேன். பெயின்ற் செதில் செதிலாக அதோடு வந்தது. வெள்ளைக்குக் கீழே இளநீலம், நீலத்துக்குக் கீழே மஞ்சள், அதற்கும் கீழே ஒரு பாக்குச் சிவப்பு. எங்களுக்கு முன்னர் இந்த அறையில் இருந்த மூன்று குடும்பங்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

தண்ணீர்க் கறைக்குக் கிட்டப் போய்ப் பார்த்தேன். பிளேன்டீ ஊற்றிய மாதிரி நிறம். ஆனால் ஓரம்தான் கறுப்பு, நடு வெளிறிப்போய் இருக்கிறது. தண்ணீர் காயும்போது அழுக்கையும் உப்பையும் ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டு போகிறது. அடுத்த மழைக்கு அதற்கு வெளியே இன்னொரு ஓரம். அப்புறம் இன்னொன்று. எண்ணினேன், பதினொரு கோடு. பெரிய ஓரத்தில் பாசி, அதற்கு மேலே யன்னல் மூலை வெடிப்பில் ஒரு சின்னப் பன்னம் (ஃபேர்ன்), நாலு இலை. பக்கத்திலே அரசங்கன்று ஒன்று, நுனி நீண்ட இரண்டு இலையோடு.

பெத்தகானவரைக்கும் ஏன் போனேன்? கொழும்பு ஈரநில நகரம் என்றால் அதில் இந்தச் சுவரும் அடக்கம்தானே.

இரவு பதினொரு மணிவரை கீறினேன். அம்மம்மா விளக்கு அணைக்கச் சொல்லி மூன்று தரம் கேட்டார்.

ஜூன் 9, ஞாயிறு

பன்னத்தை மட்டும் பாதியில் விட்டிருந்தேன். காலையில் போய்ப் பார்த்தால் வெடிப்பு வெறுமையாக இருக்கிறது.

"நான்தான் பிடுங்கினனான்" என்றார் அம்மம்மா. "விட்டால் சுவர் வெடிக்கும். சுவரில முளைச்சால் ஆக்கள் பிடுங்குவினம், நீ இருந்து கீறுறாய்."

அரசங்கன்றை ஏன் விட்டீர்கள் என்று கேட்டேன். அதைத் தொடக் கூடாதாம், பிள்ளையார் இருக்கிற மரம். உண்மையில் சுவரை வெடிக்க வைப்பது அதுதான்.

கோபம் வந்தது, காட்டவில்லை. ஆனால் வடிவத்தில் அந்தப் பன்னத்தை இரண்டு இலையோடு நிறுத்திவிட்டேன். மிச்சத்தை நினைவில் இருந்து போட மனம் வரவில்லை.

ஜூன் 12, புதன்

கறைக்கு ஒரு நல்ல குணம். எந்தக் கறையும் தன்னைப் பார் என்று சொல்வதில்லை. கோடுகள் பக்கத்துத் துண்டுக்குள் கசிந்து போய்விடுகின்றன. 64 சென்ரிமீற்றர் எங்கே முடிகிறது என்று எனக்கே தேட வேண்டியிருந்தது. கண்ணில் படுகிற ஒரே பொருள் அந்த அரை குறைப் பன்னம்தான். அதைக் கொஞ்சம் வெளிறவைத்தேன்.

சின்ன வடிவங்கள் இரண்டும் தாமாகவே வந்தன. ஒன்று பூஞ்சணப் புள்ளி, மற்றது பெயின்ற் செதில்.

மிஸ் பார்த்துவிட்டு நெடுநேரம் பேசவில்லை. பிறகு, லக்கி சேனாநாயக்க வடிவமைத்த 1979ஆம் ஆண்டு ரூபாய் நோட்டுகளைப் பார்க்கச் சொன்னார். அம்மம்மாவின் பிஸ்கட் ரின்னில் கசங்கின ஒன்று இருந்தது. செடியும் உயிரினமும் ஒரு தாள்காசுக்குள் எவ்வளவு நெருக்கமாக, ஆனால் மூச்சு முட்டாமல் நிற்கின்றன! பின்பக்கம் நெடுக்குவாட்டில் இருக்கிறது. நான் சுவரை எப்போதும் படுக்கையாகத்தான் யோசித்திருக்கிறேன். கோடுகளை மேலிருந்து கீழே இழுத்துப் பார்த்தேன், சரியாக வந்தது. தண்ணீரும் அப்படித்தானே வருகிறது.

ஜூன் 19, புதன்

ரீசேர்ட்டுக்கு ஸ்கிரீன் அடிக்கிற இடம் ஒன்றில் மேசை வாடகைக்கு எடுத்து இரண்டு நாள் அச்சடித்தேன். நாலு நிறம், ஏழு துண்டு, ஒரு துண்டுக்கு ஐந்து தரம்: 140 இழுவை. வலது தோள் இப்போது என்னுடையது இல்லை.

தண்ணீர் மை பட்டதும் தாள் ஊறி விரிகிறது, காய்ந்ததும் சுருங்குகிறது. அதனால் இரண்டாம் நிறம் முதலாவதின் மேல் சரியாக விழவில்லை, இரண்டு மில்லிமீற்றர் விலகல். வேறு வடிவமாக இருந்தால் அழுதிருப்பேன். இங்கே கறையின் ஓரம் இன்னும் கறை மாதிரி இருக்கிறது. மேசைக்காரர்தான் வருத்தப்பட்டு மன்னிப்புக் கேட்டார்.

ஜூன் 25, செவ்வாய்

கண்காட்சிச் சுவர் 3.2 மீற்றர் அகலம். ஆறு துண்டு ஒட்டினால் 3.18. மிச்சம் இரண்டு சென்ரிமீற்றர்! அதற்காகத்தான் ஏழாவது துண்டு. அதன் ஓரத்தைக் கீலம் வெட்டுகிற மாதிரி வெட்டி ஒட்டினேன்.

வந்தவர்களில் பாதிப்பேர் சுவர் பழுது என்று நினைத்துவிட்டார்கள். ஒரு சேர் விரலால் தடவிப் பார்த்து ஈரமில்லை என்று உறுதிசெய்துகொண்டார். மிஸ் கேட்டது வேறு: "இதை வாங்கி ஒட்டுறவையின்ர சுவர் காய்ந்த சுவராக இருக்கும். உங்கட அம்மம்மாவின்ர சுவரில இது ஒட்டாது. அதைப் பற்றி என்ன சொல்லப் போறீர்?" என்னிடம் பதில் இருக்கவில்லை. மதிப்பெண் வர இன்னும் இரண்டு கிழமை.

ஏழாவது துண்டின் மிச்சம் 51 சென்ரிமீற்றர் அகலத்தில் சுருட்டியபடி கிடந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்தேன். இரவு அம்மம்மா கத்தரிக்கோல் கேட்டார். பார்த்தால் அலுமாரித் தட்டுகளுக்கு அளவெடுத்து வெட்டி விரித்து, அதன் மேல் சேலைகளை அடுக்கிக்கொண்டிருக்கிறார், கறைப் பக்கம் கீழே, வெள்ளைப் பக்கம் மேலே.