தேயிலை ஃபேக்டரியில் யூனிக்ஸ் போய் லினக்ஸ் வந்தபோது

தொண்ணூறுகளில் குன்னூர், கோத்தகிரி பக்கம் தேயிலை ஃபேக்டரிகளுக்குக் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்துகொண்டிருந்தேன். சிறு விவசாயிகளிடம் பச்சை இலை வாங்கி அரைக்கும் ஃபேக்டரிகள். ஒரே ஒரு 386 மெஷின், அதில் காசு கொடுத்து வாங்கிய யூனிக்ஸ் என்ற ஆப்பரேட்டிங் சிஸ்டம், பல கேபிள்களைச் செருகும் மல்டிபோர்ட் சீரியல் கார்டு வழியாக நாலைந்து டம்ப் டெர்மினல்கள், அதாவது வெறும் திரையும் கீபோர்டும். இலை எடை போடும் கொட்டகையில் ஒன்று இருக்கும், மற்றவை ஆபீஸில். இலைக் கணக்கு ஃபாக்ஸ்பேஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருளில் எழுதியது. எத்தனை கிலோ, ஈரத்துக்குக் கழித்தது எவ்வளவு, முன்பணம் எவ்வளவு என்று மாதக் கடைசியில் ஒவ்வொரு விவசாயிக்கும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் விடிய விடியச் சீட்டு அடிக்கும்.

அந்த சிஸ்டத்தைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. மாதக்கணக்கில் நிறுத்தாமல் ஓடும். லினக்ஸ் என்ற இலவச ஆப்பரேட்டிங் சிஸ்டம் வந்து இதையெல்லாம் ஓரங்கட்டியதைப் பார்த்து, மட்டமானது தோற்றது, நல்லது ஜெயித்தது என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்வதில்லை. சின்னக் கம்பெனிகளின் ஆப்பரேட்டிங் சிஸ்டங்களைச் சாய்த்ததில் விலைக்குப் பங்கு உண்டு. ஆனால் அதைவிடப் பெரிய பங்கு டிரைவருக்கு, அதாவது ஒரு கார்டை ஆப்பரேட்டிங் சிஸ்டத்தோடு பேசவைக்கும் சின்னப் புரோகிராமுக்கு என்பதுதான் நான் கண்ணால் பார்த்தது.

மலையில் கோடை மழை இடியோடுதான் வரும். கொட்டகையிலிருந்து ஆபீஸுக்கு வெட்டவெளியில் ஓடும் சீரியல் கேபிள் வழியாக மின்னல் உள்ளே இறங்கும். கார்டைக் கழற்றினால் கேபிளின் சிக்னலைக் கையாளும் 1488, 1489 சிப்புகள் மேலே கருகிக் கிடக்கும். கோயம்புத்தூரில் வாங்கி வந்த புது சிப்பைப் பற்றவைத்தால் பெரும்பாலும் உயிர் வந்துவிடும். ஒரு ஃபேக்டரியில் கார்டே முழுசாகப் போய்விட்டது. அந்த மாடல் தயாரிப்பிலேயே இல்லை. புதிதாக வந்த கார்டுக்கு எங்கள் யூனிக்ஸ் பதிப்பில் டிரைவர் கிடையாது. புதுப் பதிப்பு வாங்கலாம் என்றால் ஆள் கணக்கில் லைசென்ஸ், நெட்வொர்க்குக்குத் தனி விலை, கம்பைலருக்குத் தனி விலை.

அப்போதுதான் லினக்ஸைக் கையில் எடுத்தோம். 1996லேயே பி.சி.குவெஸ்ட் இதழ் அதை சிடியில் கொடுத்திருந்தது. சீரியல் கார்டுக்குப் பதிலாக விலை குறைந்த ரியல்டெக் 8139 நெட்வொர்க் கார்டைச் செருகினேன், உடனே எடுத்துக்கொண்டது. அந்தக் கார்டுக்கு லினக்ஸ் டிரைவர் எழுதியவர் நாசாவில் வேலை பார்த்த டொனால்ட் பெக்கர். அவர் எழுதிய ஈதர்நெட் டிரைவர்கள் ஏராளம். பழைய ஃபாக்ஸ்பேஸ் புரோகிராமை லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் சேர்க்கும் ஐபிசிஎஸ் என்ற மாட்யூல் வைத்து அப்படியே ஓட்டினோம். வேறு யூனிக்ஸுக்குச் செய்த புரோகிராமையும் லினக்ஸில் ஓடவைக்கும் மாட்யூல் அது. அதையும் யாரோ தங்களுக்குத் தேவைப்பட்டதால்தான் எழுதியிருப்பார்கள்.

ஃபேக்டரி முதலாளி மட்டும் தயங்கினார். "தம்பி, காசு வாங்கறவன்னா சட்டையைப் பிடிச்சுக் கேட்கலாம். சும்மா குடுக்கறவனை என்னன்னு கேட்கறது?" நியாயமான கேள்விதான். "இதுவரைக்கும் இடி விழுந்தப்ப யாருங்க வந்தா? நான்தானே வந்தேன். இனிமேலும் நானேதான் வருவேன்" என்றேன். சரி, போடு என்றார்.

அப்படிச் சாய்ந்த சின்னக் கம்பெனிகளில் ஒன்று மார்க் வில்லியம்ஸ். அதன் கோஹெரெண்ட் கிட்டத்தட்ட 100 டாலருக்கே கிடைத்த யூனிக்ஸ் மாதிரியான சிஸ்டம். அதனோடு வந்த கையேடு ஆயிரம் பக்கத்துக்கு மேல், அவ்வளவு அக்கறையாக எழுதியது. ஆனால் நெட்வொர்க்கில் சேரத் தேவையான டிசிபி/ஐபி இல்லை. ஒரு சின்னக் குழு எத்தனை கார்டுக்கு டிரைவர் எழுத முடியும்? லினக்ஸில் கார்டு வைத்திருப்பவனே எழுதிக்கொண்டான், எழுதியதை ஊருக்கும் கொடுத்தான். 1992இல் லினக்ஸைத் தொடங்கிய டோர்வால்ட்ஸ், மாற்றி வெளியிடுபவர் மூல நிரலையும் தரவேண்டும் என்ற ஜிபிஎல் உரிமத்துக்கு மாறியதால் அதை எவரும் பூட்டி வைக்கவும் முடியவில்லை. 1995இல் மார்க் வில்லியம்ஸ் கம்பெனி மூடப்பட்டது. பீஓஎஸ் என்று இன்னொரு ஆப்பரேட்டிங் சிஸ்டம், எவ்வளவு அழகானது! அதன் கம்பெனியின் சொத்துகளும் 2001இல் 1.1 கோடி டாலருக்கு பாம் என்ற கையடக்கக் கம்ப்யூட்டர் கம்பெனியிடம் போயின. அதே 2001இல் லினக்ஸுக்கு ஐபிஎம் ஒதுக்கியது 100 கோடி டாலர். தன்னார்வலர்கள் ஒரு பக்கம், இப்படிப்பட்ட பணம் மறுபக்கம் என்றால் நடுவில் பத்திருபது பேருக்குச் சம்பளம் கொடுக்கும் கம்பெனி எங்கே நிற்கும்? அந்த எஞ்சினியர்களை நினைத்தால் எனக்கு இன்னமும் வருத்தம்தான்.

கோஹெரெண்டின் மூல நிரலை 2015இல் யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய பிஎஸ்டி உரிமத்தில் வெளியிட்டார்கள். பீஓஎஸ் பாணியில் தன்னார்வலர்கள் தொடங்கிய ஹைக்கூ என்ற ஆப்பரேட்டிங் சிஸ்டம் இன்றும் வளர்கிறது. எங்கள் ஃபேக்டரிக் கதையில் ஐபிசிஎஸ் ரொம்ப நாள் தாங்கவில்லை. புதுக் கெர்னல்கள் வர வர அது பின்தங்கியது. ஃபாக்ஸ்பேஸின் மூல நிரல் எங்கள் கையில் இல்லாததால் அதைச் சரிசெய்யவும் வழியில்லை. அப்புறம் இலைக் கணக்கு முழுவதையும் மைஎஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸில் புதிதாக எழுதினோம். அந்த நிரலின் ஒரு பிரதியை முதலாளி தன் பீரோவிலேயே வைத்துக்கொண்டார்.