முக்கோணியைப் பேனாவாலேயே தேடுவது

மைக்ரோசாஃப்டின் குறிப்பேட்டுச் செயலியான ஒன்நோட்டில் இங்கிலீஷைக் கையால் எழுதினால் பிறகு அதைத் தேடி எடுக்கலாம். எழுதிய ஒவ்வொரு சொல்லையும் அது வாசித்து, வாசித்ததைப் பின்னால் குறித்து வைத்திருக்கும். தமிழில் எழுதினால் அந்த வசதி கிடைப்பதில்லை. என் லேப்டாப்பில் தமிழ்க் கையெழுத்தையும் இங்கிலீஷ் என்று நினைத்தே வாசிக்கிறது. 'ட' அதற்கு எல், 'ப' அதற்கு யு. பக்கம் பக்கமாகத் தமிழில் எழுதி வைத்திருப்பவர் எதைத் தட்டச்சு செய்து தேடினாலும் ஒன்றும் வராது.

என் அக்கா அப்படிப் பக்கம் பக்கமாக எழுதி வைத்திருப்பவர். இலங்கை மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் சாதாரண தர வகுப்புக்குக் கணிதம் படிப்பிக்கிறார். படமும் எழுத்தும் கலந்த வடிவியல் பாடத்தை யாரும் தட்டச்சு செய்துகொண்டிருக்க முடியாது. முக்கோணியை வரைந்து, கோணத்தைக் குறித்து, பக்கத்திலேயே நிறுவலை எழுதுவார். போன வருடம் எழுதிய ஒரு நிறுவல் இந்த வருடம் வேண்டுமென்றால், முழு நோட்டையும் விரலால் தள்ளித் தள்ளிப் பார்க்க வேண்டும். இதற்கு ஒரு ஆட்-இன், அதாவது ஒன்நோட்டோடு சேர்ந்து ஓடும் ஒரு சின்ன நிரல், எழுதித் தருகிறேன் என்றதும் அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "தம்பி, நான் எழுதுனத டைப் எழுத்தா மாத்திராத. தேடி மட்டும் குடு."

அந்தப் பேச்சிலேயே வழி இருந்தது. இந்த மாதிரி வேலைக்கு எல்லோரும் முதலில் நினைப்பது கையெழுத்தை யூனிகோடாக, அதாவது கணினி எழுத்தாக, மாற்றி, பிறகு அந்த யூனிகோடில் தேடுவதைத்தான். தமிழுக்கு அதற்கான அடித்தளம் இல்லாமல் இல்லை. ஹெச்பி லேப்ஸ் இந்தியா தமிழ் எழுத்துக்களை 156 வடிவங்களாகப் பிரித்துக் கையெழுத்து மாதிரிகளைச் சேகரித்தது. 2006இல் அதை வைத்து ஒரு போட்டியே நடந்தது. இன்றைக்கு கூகுளின் எம்எல் கிட் தமிழ்க் கையெழுத்தை நன்றாகவே வாசிக்கும், ஆனால் அது ஆண்ட்ராய்டுக்கும் ஐஓஎஸ்ஸுக்கும் உரியது, விண்டோஸ் ஆட்-இன்னுக்குள் அழைக்க முடியாது. இணையத்தில் இருக்கும் ஏதாவது சேவைக்கு அனுப்பலாம்தான். ஆனால் தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் அக்காவின் லயத்தில் (தோட்டக் குடியிருப்பில்) சிக்னலை நம்ப முடியாது. தேடல் மழைக்கும் நிற்காமல் ஓட வேண்டும். அதனால் எழுத்தை மாற்றும் பேச்சையே விட்டுவிட்டேன். தேட வேண்டிய சொல்லையும் பேனாவாலேயே எழுதட்டும், அந்த வடிவம் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று பார்ப்போம்.

முதலில் ஸ்ட்ரோக்குகளை, அதாவது பேனாவை வைத்து எடுக்கும் வரை விழும் ஒவ்வொரு கோட்டையும், வெளியே எடுக்க வேண்டும். விண்டோஸ் டெஸ்க்டாப் ஒன்நோட்டின் காம் ஏபிஐயில், அதாவது வெளி நிரல்கள் அதோடு பேசும் வழியில், இது நடக்கும். இன்னொரு வழியான ஜாவாஸ்கிரிப்ட் ஏபிஐ சொல்லுக்கான ஊகங்களைத் தருமே தவிர, ஸ்ட்ரோக்கின் புள்ளிகளைத் தருவதில்லை. எனக்கு வேண்டியது புள்ளிகள்தான். கெட்பேஜ்கன்டென்ட் என்று அழைக்கும்போது பைனரி டேட்டாவும் வேண்டும் என்று கேட்டால், பக்கத்தின் எக்ஸ்எம்எல்லுக்குள் இங்க்வேர்ட், இங்க்டிராயிங் என்ற உறுப்புகளோடு பேஸ்64 வடிவில் (பைனரியை வெறும் எழுத்துகளாக எழுதும் முறை) தரவும் வரும். இங்க்வேர்டில் ரெகக்னைஸ்ட்டெக்ஸ்ட் என்று ஒரு பண்பு இருக்கும். அந்த எல்லும் யுவும் அங்கேதான் கிடக்கின்றன, அதைத் தொட வேண்டாம். பேஸ்64ஐப் பிரித்தால் கிடைப்பது ஐஎஸ்எஃப், அதாவது மைக்ரோசாஃப்டின் இங்க் சேமிப்பு வடிவம். விண்டோஸ் நிரல்களின் ஜன்னல்களை அமைக்கும் கருவித்தொகுப்பான டபிள்யூபிஎஃபின் ஸ்ட்ரோக்கலெக்ஷன் அதை நேரடியாகத் திறக்கும். தேடும் சொல்லை எழுதுவதற்கு ஒரு சின்ன ஜன்னலில் இங்க்கேன்வாஸ் என்ற பேனாப் பலகையை வைத்தால், அதிலிருந்தும் இதே ஸ்ட்ரோக்கலெக்ஷன்தான் வரும். இரண்டு பக்கமும் ஒரே வகைத் தரவு என்பது பெரிய நிம்மதி.

சரி, ஒப்பிடுவது எப்படி? ஒரே சொல்லை ஒருவர் இரண்டு முறை எழுதினாலும் நீளமும் வேகமும் ஒத்துப்போகாது. ஒரே மலைப்பாதையில் ஒருவர் வேகமாகவும் இன்னொருவர் நின்று நின்றும் ஏறினாலும் வளைவுகள் அதே வரிசையில்தான் வரும் இல்லையா? அந்த வளைவுகளைப் பொருத்திப் பார்க்கும் கணக்கு டைனமிக் டைம் வார்ப்பிங். பேச்சை அடையாளம் காண்பதற்காக சகோயே, சிபா இருவரும் 1978இல் எழுதிய கட்டுரையால் இது பரவலானது. நான் ஸ்ட்ரோக்குகளைச் சம இடைவெளிப் புள்ளிகளாக வெட்டி, வரியின் உயரத்துக்கு அளவு சரிசெய்து, ஒவ்வொரு புள்ளியிலும் பேனா போன திசையை எடுத்துக்கொள்கிறேன். திசை மட்டுமே போதாது, உயரமும் வேண்டும்.

தமிழுக்கென்று யோசிக்க வேண்டிய இடங்கள் இங்கேதான் வந்தன. 'முக்கோணி' என்ற ஒரு சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். கோ எழுதும்போது கை முதலில் கொம்பைப் போட்டு, பிறகு க, அப்புறம் கால் என்று போகிறது. யூனிகோடில் க முதலில் நிற்கும், கொம்பும் காலும் ஒரே குறியாக அதன் பின்னால் வரும். எழுத்தை மாற்றுகிறவர்கள் இந்த வரிசையைத் திருப்பிப்போட வேண்டும். இரண்டு பக்கமும் கை போன வழியிலேயே ஒப்பிடுவதால் எனக்கு அந்தப் பாடு இல்லை.

அதற்குப் பதிலாகப் புள்ளி வந்து நின்றது. அக்கா முழுச் சொல்லையும் எழுதி முடித்த பிறகுதான் க்-இன் மேல் புள்ளி வைப்பார். அவசரத்தில் ஒரு வரி முழுவதும் முடிந்த பிறகு, பின்னால் போய் எல்லாப் புள்ளிகளையும் சேர்த்து வைப்பதும் உண்டு. நேர வரிசையில் பார்த்தால் புள்ளிகள் சொல்லை விட்டு எங்கேயோ தள்ளிக் கிடக்கும். அதனால் வரி உயரத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் சிறிய ஸ்ட்ரோக்குகளைத் தனியாகப் பிரித்து வைக்கிறேன். மற்றவற்றை இடமிருந்து வலமாக அடுக்கி ஒப்பிட்டு, பொருந்திய பிறகே புள்ளிகள் ஏறக்குறைய அதே இடத்தில் இருக்கின்றனவா என்று பார்க்கிறேன். புள்ளி தவறினால் மதிப்பெண் கொஞ்சம் குறையும், சொல் விழுந்துவிடாது. எழுத்தில் புள்ளி வைக்க மறப்பது யாருக்கும் நடக்கிற விஷயம்.

இன்னொன்று, சொல் எங்கே முடிகிறது என்பது. ஒன்நோட் பிரித்து வைக்கும் இங்க்வேர்டை நம்ப முடியவில்லை, நீளமான தமிழ்ச் சொல்லை அது நடுவில் உடைத்துவிடுகிறது. பக்கத்தின் எல்லா ஸ்ட்ரோக்குகளையும் வரி வரியாக நானே கூட்டி, ஒரு வரியை ஒரே நீள ஓட்டமாக வைத்துக்கொண்டேன். தேடும் சொல் அந்த ஓட்டத்தின் எந்த இடத்திலும் தொடங்கலாம், எந்த இடத்திலும் முடியலாம். இதனால் வந்த பலன்தான் எனக்கு மிகவும் பிடித்தது. அக்கா 'முக்கோணி' என்று எழுதித் தேடினால் முக்கோணிகள், முக்கோணியின், முக்கோணிக்கு எல்லாமே வந்து நிற்கும். வேற்றுமை உருபு ஒட்டிக்கொண்டே போகிற மொழிக்கு, முழுச் சொல்லையும் வைத்துத் தேடுவதை விட இது எவ்வளவோ மேல். 'கோண' என்று மட்டும் எழுதினால் செங்கோணமும் வரும், முக்கோணியும் வரும். வடிவியல் நோட்டில் அப்படி வருவது நல்லதுதான்.

மற்றவை வழக்கமான வேலைகள். ஒவ்வொரு முறையும் முழு நோட்டையும் வாசித்தால் நேரம் எடுக்கும், அதனால் கணக்கிட்ட திசை, உயர விவரங்களை ஒரு கோப்பில் வைத்து, பக்கத்தின் கடைசித் திருத்த நேரம் மாறியிருந்தால் மட்டும் புதுப்பிக்கிறேன். முடிவைத் தட்டினால் நேவிகேட்டூ என்ற அழைப்பு அந்த எழுத்து இருக்கும் இடத்துக்கே கொண்டுபோய் விடும். ஒரு எச்சரிக்கை: ஒன்நோட் ஆட்-இன் ஒன்நோட்டுக்குள் ஓடாது, டிஎல்எல்ஹோஸ்ட் என்ற தனிச் செயலியில் ஓடும். பிழை தேடுகிறவர்கள் டிபக்கரை அங்கே இணைக்க வேண்டும். விண்டோஸின் பதிவேட்டில் (ரெஜிஸ்ட்ரி), இப்படித் தனிச் செயலியில் ஓடச் சொல்லும் சரகேட் வரியை எழுதாவிட்டால் பொத்தானே தெரியாது.

பக்கத்தில் இந்த ஆட்-இன் எதையும் எழுதுவதில்லை, வாசிக்க மட்டும் செய்கிறது. இதில் நான் உறுதியாக இருக்கிறேன். ஒரு ஆசிரியர் நிறுவலின் எந்த வரியை அழுத்தி எழுதினார், எங்கே அடித்துத் திருத்தினார் என்பதெல்லாம் பிள்ளைகளுக்கும் பாடம். டைப் எழுத்தாக மாற்றினால் அவை முதலில் போய்விடும்.

இதன் எல்லை ஒருவருடைய கையெழுத்து. அக்கா எழுதியதை அக்காவின் எழுத்தால் தேடினால் நன்றாக வருகிறது, நான் எழுதித் தேடினால் பாதிக்கு மேல் தவறுகிறது. அவருடைய பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கும் ஆசிரியரும் இதைக் கேட்டிருக்கிறார், இருவரும் நோட்டைப் பகிர்ந்துகொள்ளவும் நினைக்கிறார்கள். பாடத்தில் அடிக்கடி வரும் சொற்களை இருவரும் ஒருமுறை எழுதி வைத்தால், ஒருவர் தேடும்போது மற்றவருடைய வடிவத்தையும் சேர்த்துத் தேடலாம். அந்தச் சொற்பட்டியலை அக்கா இப்போது எழுதிக்கொண்டிருக்கிறார். முக்கோணி, நாற்பக்கல், இணைகரம், நாண், தொடலி வரை வந்திருக்கிறது.