வேதாளத்தோடு பதினாலு வாரம்

மகளுக்கு எட்டு வயது, மகனுக்கு ஐந்து. ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் இருவரையும் உட்கார வைத்து வாசிக்க வேண்டும் என்று ஜூன் மாதம் ஆரம்பித்தேன். ஆசை எல்லாம் அப்புறம் வந்ததுதான். பள்ளியில் இருந்து வந்த ஒரு தாள்தான் முதல் காரணம்: மாதம் 20 புத்தகம், தலைப்பு, தேதி, பெற்றோர் கையெழுத்து. நானும் ஆபீஸில் டார்கெட் முடிக்கிற மாதிரியே இறங்கினேன். படக்கதைப் புத்தகம் ஒன்றுக்கு ஏழு நிமிடம், மூடு, கையெழுத்து போடு, படு. பன்னிரண்டு நாளில் பதினோரு புத்தகம்.

பதின்மூன்றாம் நாள் சும்மா கேட்டேன், நேற்று என்ன கதை படித்தோம் என்று. "யானை வரும்ப்பா" என்றாள் மகள். அந்தப் புத்தகத்தில் யானையே கிடையாது.

சின்னவன் வேறு மாதிரி. அவன் என்னைப் பக்கத்தைத் திருப்பவே விட மாட்டான். ஒரு படத்தின் ஓரத்தில், வாசற்படிக்குக் கீழே, ஓவியர் ஓர் எறும்பு வரைந்திருந்தார், நான் பார்க்கவே இல்லை. அடுத்த பக்கத்தில் அது இல்லை. எங்கே போச்சு என்று முன்னும் பின்னும் புரட்டிக்கொண்டே இருந்தான், நான் கடிகாரத்தைப் பார்த்தேன். உண்மையில் அன்றைக்குப் புத்தகம் படித்தவன் அவன் ஒருத்தன்தான் என்பது எனக்கு உறைக்க இன்னும் ஒரு வாரம் ஆனது.

சரி, எண்ணிக்கையை விட்டுவிடுவோம் என்று முடிவு பண்ணிய சமயத்தில் அம்மாவின் டிரங்குப் பெட்டியில் இருந்து ஒரு பைண்டு புத்தகம் கிடைத்தது. பழைய அம்புலிமாமா, ஒரு வருடத்து இதழ்கள், நூல் பிரிந்து, பல்லி முட்டை ஓட்டோடு. 1947இல் தொடங்கிய பத்திரிகை. என் வயதுக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம், உருவிய வாளோடு வேதாளம் புகுந்த பிணத்தைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்கிற விக்கிரம ராஜா படம் ஒன்று போதும். அதை வரைந்த சங்கர் 2020இல் காலமானார், மறு வருடம் பத்மஸ்ரீ அறிவித்தார்கள், கொஞ்சம் சீக்கிரம் கொடுத்திருக்கலாம். என் பிள்ளைகள் அந்தப் படத்தையே முதல் இரண்டு நாள் பார்த்தார்கள். பிணத்தின் முடி ஏன் இவ்வளவு நீளம், வேதாளம் உள்ளே இருக்கா வெளியே இருக்கா, ராஜாவுக்கு நாற்றம் அடிக்காதா. ஒரு வரி கூட வாசிக்கவில்லை. தாளில் எதுவும் எழுதவும் முடியவில்லை.

மெதுவாகப் படிப்பதற்கென்றே செய்து வைத்த கதை இது என்பது மூன்றாம் வாரம்தான் புரிந்தது. வேதாளம் கதை சொல்லும், கடைசியில் ஒரு கேள்வி கேட்கும், தெரிந்தும் பதில் சொல்லாவிட்டால் ராஜாவின் தலை வெடித்துவிடும், வாயைத் திறந்தாலோ அது பறந்துபோய்த் திரும்ப மரத்தில் ஏறிக்கொள்ளும். அந்தக் கேள்வி வந்ததும் புத்தகத்தை மூடிவிடுவது, பதில் மறுநாள் ராத்திரிதான் என்று ஒரு விதி வைத்தோம். என் போன் அரிசி டின் மேல். அவ்வளவுதான் ஏற்பாடு. முதல் நாள் மகள் அழுதாள். நாலாம் நாள் பள்ளி ஆட்டோவில் பக்கத்துப் பிள்ளைகளிடம் கேள்வியைப் போட்டுவிட்டு, சாயங்காலம் ஐந்து விதமான பதிலோடு வந்து இறங்கினாள்.

நான் எதிர்பார்க்காத சிக்கல் மொழியில் வந்தது. புத்தகத்தில் "மன்னன் வினவினான்" என்று இருக்கும். சின்னவனுக்குப் புரியாதே என்று வாசிக்கும்போதே "ராஜா கேட்டான்" என்று பேச்சுத் தமிழுக்கு மாற்றிக்கொண்டே போனேன், பெரிய சாமர்த்தியம் என்ற நினைப்பு வேறு. தோளுக்குப் பின்னால் இருந்து மகள் பிடித்துவிட்டாள்: "அதுல கேட்டான்னு இல்லப்பா, என்னமோ வி-ல ஆரம்பிக்குது. நீங்க சும்மா சொல்றீங்க." அதற்கப்புறம் இருக்கிறபடியே வாசித்தேன், புரியாத இடத்தில் அவர்களே நிறுத்தட்டும் என்று. ஒரு பக்கத்துக்கு நாலு தடவை நிறுத்தினார்கள். ஆனால் அடுத்த வாரம் அடுப்படியில் சின்னவன் போய் நின்று, "அப்பத்தா, இட்லி இருக்கான்னு வினவுறேன்" என்றான். அம்மாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

அவனுக்கு இன்னும் எழுத்துக்கூட்டத் தெரியாது. ஆனால் ஒவ்வொரு கதையிலும் அதே மாதிரி வரும் தொடக்க வரிகள் மனப்பாடம் ஆகிவிட்டன. விரலை வைத்துத் தானே "வாசிப்பான்". வாய் மூன்றாவது வார்த்தையில் இருக்கும்போது விரல் வரியின் கடைசிக்குப் போய்விடும், கொஞ்சம் யோசித்துவிட்டு விரலைத் திரும்ப இழுத்துக்கொண்டு வருவான். இப்போது புள்ளி வைத்த எழுத்துகளை எண்ணுகிறான். நான் திருத்தவில்லை.

இனி முருங்கை மரம். எட்டாவது வாரம் முழுக்க இதில்தான் போனது. ராஜா மரத்தில் ஏறிப் பிணத்தை இறக்குகிறான் என்ற இடத்தில் என் அம்மா, ஓரமாகக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர், "முருங்கையில எப்படி ஏறுவான், மளுக்குனு முறிஞ்சுரும்ல" என்று போகிறபோக்கில் சொல்லிவிட்டார். முடிந்தது கதை. மறுநாள் காலையில் கொல்லைக்குப் போய்ச் சோதனை. கிளையில் ஒரு துணிப்பையைக் கட்டி, அதில் அரிசி இரண்டு கிலோ, தாங்கியது. நாலு கிலோ, வளைந்தது. மகள் ஒரு செங்கல்லையும் சேர்த்துப் போட்டாள், கிளை முறிந்து காயோடு கீழே விழுந்தது, பையும் கிழிந்தது. மண்ணில் கொட்டிய அரிசியை அரை மணி நேரம் பொறுக்கினோம், ஆபீஸுக்கு லேட். அன்று ராத்திரி முருங்கைக்காய்ச் சாம்பார்.

விடாமல் தேடிப் பார்த்ததில், வடமொழிக் கதையில் அது முருங்கையே இல்லை, சிம்சபா என்று வேறு மரம். தமிழுக்கு வரும்போது எப்படியோ முருங்கை ஆகி, பழமொழியிலும் ஏறிவிட்டது. இதை மகளிடம் சொன்னபோது அவளுக்கு அது பெரிய விஷயமாகவே படவில்லை. "ராஜா ஒல்லியா இருந்திருப்பான்" என்றாள்.

பத்தாவது வாரம் ஒரு நாள் கரண்ட் போய்விட்டது. புத்தகம் வேண்டாம் என்று அம்மா வேதாளத்தின் பழைய இருபத்தைந்து கதைகளில் ஒன்றை வாயாலேயே சொன்னார். ஒரு பெண்ணை மூன்று பேர் விரும்புகிறார்கள், அவள் இறந்துவிடுகிறாள். ஒருவன் சாம்பலோடு சுடுகாட்டிலேயே கிடக்கிறான், ஒருவன் எலும்பைக் கங்கைக்குக் கொண்டு போகிறான், மூன்றாமவன் மந்திரம் கற்று வந்து எழுப்புகிறான். யாருக்கு அவள் மனைவி? உயிர் கொடுத்தவன் அப்பா முறை, எலும்பைக் கரைத்தவன் பிள்ளை முறை, கூடவே கிடந்தவன்தான் புருஷன் என்பது விக்கிரமனின் பதில். மகளுக்கு ஒப்பவில்லை. "எந்திரிச்சு உட்கார்ந்திருக்கால்ல, அவகிட்டயே கேட்க வேண்டியதுதானே?" இருட்டில் அப்பத்தா கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

எல்லாம் ஒழுங்காகப் போனது என்று நினைக்க வேண்டாம். செப்டம்பரில் கணக்கு முடிக்கிற நேரம், இரண்டு வாரம் நான் வீடு வர பத்து மணி. போன் அரிசி டின்னில் இருந்து இறங்கிச் சின்னவன் கைக்குப் போனது, ஒவ்வொன்றும் பதினைந்து விநாடி ஓடுகிற வீடியோக்கள். அதற்கப்புறம் உட்கார வைத்தால் ஒரு பத்தி தாங்கவில்லை, நெளிந்தான். வேதாளம் முருங்கை மரம் ஏறிவிட்டது என்று சொல்லி அம்மா என்னைத்தான் பார்த்தார். திரும்ப எறும்புப் புத்தகத்தில் இருந்து ஆரம்பிக்க வேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் மதுரை நத்தம் சாலைக் கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கு, 2023 ஜூலையில் திறந்தது, கூட்டிப் போகிறேன். அங்கே அவ்வளவு புத்தகத்தையும் பார்த்ததும் பழைய பதற்றம் எனக்குத்தான் வருகிறது, பிள்ளைகளுக்கு இல்லை. ஒரு தடவைக்கு ஒரு புத்தகம் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

அந்தத் தாளில் போன மாதம் ஒரே தலைப்பைப் பதினெட்டு தேதிக்கு எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். சிவப்பு மையில் ஒரு கேள்விக்குறி வந்தது, அதோடு சரி.

பதினாலு வாரத்தில் ஒன்பது கதை முடித்திருக்கிறோம், பத்தாவது கேள்வியில் நிற்கிறது. நேற்று ராத்திரி சின்னவன் தனக்குப் பதில் தெரிந்துவிட்டது என்றான், ஆனால் சொல்ல மாட்டானாம், சொன்னால் வேதாளம் பறந்துவிடும். "தெரிஞ்சும் சொல்லலைன்னா தலை வெடிச்சுரும்டா" என்றாள் அக்கா. ரொம்ப நேரம் யோசித்தான். அப்புறம் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு தூங்கிப்போனான்.