விழாவின் முகமாக ஒரு ஓவியம்: போஸ்டர் வரை வந்த கதை

எங்கள் கலை விழாவுக்கு இந்த ஆண்டு முகப்புப் படமாக என் வாட்டர்கலர் ஓவியத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். மேடை வெளிச்சத்தைப் பார்த்து நிற்கும் கூட்டம்தான் படம். எல்லோரும் நமக்கு முதுகு காட்டி நிற்க, அப்பாவின் தோளில் இருக்கும் ஒரு குழந்தை மட்டும் திரும்பி நம்மைப் பார்க்கிறது. சேதி கேட்டதும் சந்தோஷம் தாங்கவில்லை. வேலையும் அன்றுதான் ஆரம்பித்தது.

இதே படம் சுவரில் ஏ1 போஸ்டராகவும், அழைப்பிதழாகவும், தன்னார்வலர்களின் அடையாள அட்டையாகவும் வர வேண்டும். மூலப் படம் கிட்டத்தட்டச் சதுரம். ஏ வரிசைத் தாள்களோ அகலத்தைப் போல 1.414 மடங்கு உயரம் கொண்டவை. பக்கவாட்டில் வெட்டினால் கூட்டம் குறைந்துவிடும். கூட்டம் குறைந்தால் விழாவே குறைந்த மாதிரி. அதனால் மேலே இடம் கூட்டிப் புதிதாகவே வரைந்தேன். 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) எடையுள்ள பருத்தித் தாளில் ஏ3 அளவுக்கு (297 × 420 மி.மீ.) கோடு போட்டு, வண்ணத்தைக் கோட்டுக்கு வெளியேயும் கொஞ்சம் ஓடவிட்டேன். அச்சகத்தில் ஓரம் வெட்டும்போது வெள்ளை தெரியக் கூடாது.

மேலே கூடிய அந்த இடம்தான் அதிக நேரம் எடுத்தது. விழாவின் பெயரும் தேதியும் அங்கேதான் வரும். தமிழ் எழுத்தில் ‘கி’யின் கொக்கி மேலே போகும், ‘து’வின் கால் கீழே இறங்கும், வரிகளுக்கு நடுவே தாராளமாக இடம் வேண்டும். எழுத்து வரும் பகுதியில் வண்ணம் திட்டுத்திட்டாக நின்றால் படிக்க முடியாது. தாளை முழுக்க நனைத்து, பலகையைச் சாய்த்து, நீர்த்த மஞ்சளை மேலிருந்து ஒரே மூச்சில் இறக்கினேன். பாதியில் பிரஷ்ஷை எடுக்கக் கூடாது. முக்கால்வாசி காய்ந்த இடத்தில் ஒரு சொட்டு நீர் விழுந்தாலும் பூப் பூத்த மாதிரி கறை படர்ந்துவிடும்.

கூட்டத்துக்குக் கறுப்பு ட்யூபைத் தொடவில்லை. அல்ட்ராமரின் நீலமும் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பும் கெட்டியாகக் கலந்தால் அருமையான கருமை கிடைக்கும். காயும்போது நீலத் துகள்கள் தாளின் குழிகளில் தங்க, ஒரு தோள் நீலமாகவும் பக்கத்துத் தோள் பழுப்பாகவும் சாய்கிறது. முகமே இல்லாமல் ஆட்களைப் பிரித்துக் காட்ட எனக்கு அது போதும். பிரெஞ்சு ஓவியர் துலூஸ் லொத்ரெக் 1891-இல் பாரிஸின் மூலான் ரூஜ் நடன அரங்குக்கு வரைந்த போஸ்டரில் பார்வையாளர்கள் வெறும் கருநிழல்தான். ஆனாலும் அரங்கம் நிரம்பியிருப்பது தெரியும். அந்தத் தைரியத்தில்தான் முகங்களை விட்டேன்.

அடுத்து ஸ்கேன். ஏ3 படம் ஏ1 ஆகும்போது நீளமும் அகலமும் இரட்டிப்பாகும். 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) எடுத்தால்தான் அச்சில் 300 மிஞ்சும். ஸ்கேனரின் விளக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்து அடிப்பதால் தாளின் சொரசொரப்பு நிழலாக விழுந்தது. படத்தைத் தலைகீழாகத் திருப்பி இன்னொரு ஸ்கேன் எடுத்து, இரண்டையும் கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்ததும் நிழல் அடங்கியது. மஞ்சள் வெளி சுத்தமாக வந்தது.

நீலம்தான் பாடாய்ப் படுத்தியது. திரையில் ஆழமாக இருந்தது சோதனை அச்சில் ஊதாவாக வந்தது. அச்சில் நீலம் என்பது சயான் என்ற பச்சை கலந்த நீல மையும் மெஜந்தா என்ற கருஞ்சிவப்பு மையும் சேர்ந்த கலவை; மெஜந்தா ஏறினால் ஊதாதான். அதைக் குறைத்ததும் நிறம் திரும்பியது, ஆனால் தாளில் இருக்கும் அந்த மினுக்கு அச்சு மையில் வராது. அதனால் விழா நாட்களில் மூலப் படத்தை நுழைவாயிலில் கண்ணாடி போட்டு வைக்கச் சொல்லியிருக்கிறேன். வெயில் படாத பக்கமாக.

இன்னொன்று, வரைபவர்கள் எல்லோருக்கும்: அனுமதியை எழுத்தில் கொடுங்கள். இந்த ஆண்டு விழாவுக்கு மட்டும், மூலப் படமும் உரிமையும் என்னிடமே, ஓவியர் பெயர் போஸ்டரில் வரும் என்று எழுதிக் கையெழுத்திட்டுக்கொண்டோம். குழுவினர் மகிழ்ச்சியோடு ஒப்புக்கொண்டார்கள்.

போஸ்டரும் அழைப்பிதழும் அச்சுக்குப் போய்விட்டன. மிச்சம் அடையாள அட்டைதான். அந்த அளவில் கூட்டம் வெறும் கறை போலத் தெரிகிறது. குழந்தையின் முகத்தையும் அப்பாவின் தோளையும் மட்டும் எடுத்து, விளிம்புகளை இன்னும் கூர்மையாக வைத்துத் தனியாக வரையப் போகிறேன். பென்சில் கோடு போட்டாயிற்று, வண்ணம் இந்த வாரம்.