மதியத்துக்கு முன் கணவாயைத் தாண்டிவிடுங்கள்

பத்து நாள் மலைநடைக்குத் திட்டம் போடுகிறவர்கள் முதலில் கேட்பது, "ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர்?" என்றுதான். கோடையில் உயர்மலைக்கு அது பாதிக் கேள்வி. எத்தனை மணிக்கு எந்த இடத்தில் இருப்பீர்கள் என்பதே மீதி. பனி, ஆறு, இடி மூன்றும் காலையில் சாதுவாக இருந்துவிட்டு, மத்தியானத்துக்கு மேல் குணம் மாறுபவை.

நேரம் கணிக்க, ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் சொன்ன வாய்ப்பாடு இன்றும் கைகொடுக்கிறது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். ஆனால் அது சுமையில்லாமல் கைவீசி நடப்பவருக்கான கணக்கு. முதுகில் 15 கிலோ, காலடியில் உருளும் கல், நடுவில் ஓய்வு எல்லாம் சேர்ந்தால் ஒன்றரை மடங்கு வையுங்கள். கணவாய் 8 கி.மீ. தூரத்தில், நீங்கள் கிளம்பும் இடத்தைவிட 1,200 மீட்டர் மேலே இருக்கிறதா? ஏறக்குறைய ஐந்தரை மணி நேரம். விடியற்காலை 5 மணிக்குக் கிளம்பினால் பத்தரைக்கு மேலே நிற்கலாம். எட்டு மணிக்கு நிதானமாகக் கூடாரத்தைச் சுருட்டினால் ஒன்றரை மணி ஆகிவிடும்; இடிமேகம் திரளும் நேரம் அதுதான்.

காலை வெயிலில் சரிவுகள் சூடேற, ஈரக்காற்று அவற்றை ஒட்டி மேலேறி மேகமாகிறது. காலிஃபிளவர் போல உருண்டு திரண்ட மேகம் அகலத்தைவிட உயரமாக வளர்ந்தால், முகட்டை விட்டு இறங்கத் தொடங்குங்கள். மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 விநாடிக்குக் குறைவு என்றால் இடி 10 கி.மீ.க்குள் இருக்கிறது. கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழியும்வரை திரும்ப ஏறக் கூடாது. தனிமரத்தடியும் ஆழமில்லாத குகை வாயும் ஒதுங்குமிடமல்ல, மழை நனைக்காது என்பதைத் தவிர.

பனிச்சரிவில் கணக்கு கொஞ்சம் சிக்கல். இரவில் உறைந்த பனி காலையில் கெட்டியாக இருக்கும்; நடக்க வேகம் கிடைக்கும். மதியத்தில் அதுவே தொடைவரை காலை உள்ளே இழுக்கும். பாறையை ஒட்டிய ஓரம் இன்னும் மோசம்: வெயிலில் சூடான பாறை பனியை அடியில் உருக்கிப் பொந்தாக்கி வைத்திருக்கும். ஆனால் செங்குத்துச் சரிவில் விடியற்காலைப் பனி கண்ணாடி மாதிரி. காலணியில் மாட்டும் இரும்புமுள் இல்லையென்றால், வெயில் பட்டு மேல்பரப்பு லேசாக இளகும்வரை காத்திருப்பதே சரி.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். பனியுருகி ஓடும் ஆற்றில் ஆழத்தைவிட வேகமே ஆளைச் சாய்க்கும். முழங்காலுக்கு மேல் வேகமான நீர் என்றாலே திரும்பி வேறு இடம் தேடுங்கள். குறுகலான இடம் கண்ணுக்கு எளிதாகத் தெரியும். அங்கேதான் நீர் ஆழமாகவும் வேகமாகவும் ஓடும். பல கிளையாகப் பிரிந்து அகலமாகும் இடமே நல்லது. கீழே சிறிது தூரத்தில் அருவியோ விழுந்த மரமோ இருந்தால் அங்கே இறங்கவே கூடாது. அடியில் கற்கள் உருளும் சத்தம் கேட்டாலும் அப்படியே. காலணியைக் கழற்றாதீர்கள், பையின் இடுப்புப்பட்டையையும் நெஞ்சுப்பட்டையையும் அவிழ்த்துவிடுங்கள், விழுந்தால் பையை உதறிவிட வேண்டியிருக்கும். நீர்வரத்தைப் பார்த்து நின்று, கோலை ஊன்றி, ஒரு நேரத்தில் ஒரு கால் மட்டும் நகர்த்துங்கள். மாலையில் பெருக்கெடுத்திருந்தால் இக்கரையிலேயே கூடாரம் போடுங்கள். இரவில் பனியுருகல் குறைவதால் விடியலில் நீர்மட்டம் கணிசமாக இறங்கியிருக்கும்.

இந்த நேரக்கணக்கெல்லாம் சுமை குறைந்தால்தான் நடக்கும். உணவும் நீரும் எரிவாயுவும் சேர்க்காமல் பை 9 கிலோவுக்குள் இருக்கட்டும். உணவு ஒரு நாளைக்கு 700 கிராம், உலர்ந்ததாக. கொழுப்பு ஒரு கிராமுக்கு 9 கலோரி, மாவுச்சத்து 4 தான். அதனால் கொட்டைப்பருப்புகளும் எண்ணெயும் சுமைக்கு நியாயம் செய்கின்றன. தண்ணீர் ஒரு லிட்டர் என்றால் ஒரு கிலோ. வழியில் ஓடை உண்டென்று வரைபடம் காட்டினால் மூன்று லிட்டர் சுமப்பது வீண். ஆனால் கோடைக் கடைசியில் சிற்றோடைகள் வற்றிவிடும், வரைபடம் அதைச் சொல்லாது. கொதிக்க வைப்பதானால் தளதளவென்று ஒரு நிமிடம், 2,000 மீட்டருக்கு மேல் மூன்று நிமிடம். வியர்த்து ஊற்றும் நாளில் வெறும் நீரையே குடித்துக்கொண்டிருந்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து தலைவலி, குமட்டல் வரும். இதைத் தாகம் என்று நினைத்து இன்னும் குடிப்பவர்கள் உண்டு. உப்பும் சேர வேண்டும்.

காலில் ஓரிடம் சுடுகிற மாதிரி இருந்தால் உடனே நில்லுங்கள். "அடுத்த திருப்பத்தில் பார்க்கலாம்" என்பதற்குள் கொப்புளம் வந்துவிடும். ஈரத்தைத் துடைத்து, மடிப்பில்லாமல் டேப் ஒட்டி, காய்ந்த சாக்ஸ் மாற்றுங்கள். காலணி அரை அளவு பெரிதாக இருக்கட்டும். நாள் முழுக்க நடந்தால் பாதம் வீங்கும், இறக்கத்தில் விரல்நுனி முன்பக்கம் மோதும்.

மறுநாள் ஐந்து மணிப் புறப்பாடு முந்தைய மாலையே தொடங்குகிறது. கூடாரத்தை ஆற்றிலிருந்து 60 மீட்டர் தள்ளி, பள்ளத்தாக்கின் அடியில் அல்லாமல் சற்று மேட்டில் போடுங்கள். குளிர்காற்று அடியில் தேங்கினால் கூடாரத்துணி நனைந்துபோகும், ஈரத்துணியைச் சுமக்க வேண்டிவரும். ஒருமுறை நனைந்த குடிநீர் ஃபில்டரைத் தூங்கும் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள்: உள்ளே நீர் உறைந்தால் அதன் நுண்குழாய்கள் வெடிக்கும், வெளியே பார்த்தால் தெரியாது. தண்ணீர்ப் பாட்டிலை இறுக மூடித் தலைகீழாக நிறுத்துங்கள். நீர் மேலிருந்து உறையும். காலையில் நிமிர்த்தும்போது வாய்ப்பக்கம் திறந்திருக்கும்.