எருக்கஞ்செடியில் மேயும் பொறிவண்டு

தேவிபட்டினத்திலிருந்து தொண்டிக்குச் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையோர மணலில், சீமைக்கருவேலத்தைக் கணக்கில் சேர்க்காவிட்டால், கோடையிலும் பசுமை குன்றாமல் நிற்பது எருக்குதான். அதன் இளந்தண்டுகளில் அப்பிக்கிடக்கும் மஞ்சள் அசுவினிகளுக்கு (செடியின் சாற்றை உறிஞ்சும் சிறு பூச்சிகள்) நடுவே நான் அடிக்கடி காண்பது, துவரம்பருப்பின் அளவே உள்ள ஒரு பொறிவண்டு.

புள்ளிகளை எண்ணி இனத்தைக் கண்டுபிடிக்கும் வழக்கம் இந்த வண்டிடம் செல்லுபடியாகாது. செம்மஞ்சள் நிறத்தில் பளபளக்கும் ஒவ்வொரு முன்னிறகிலும் இரண்டு கருங்கோடுகள் நெளிந்து ஓட, பின்முனையருகே ஒரு புள்ளி தனித்து நிற்கும். இரண்டு இறகுகளின் கோடுகளையும் புள்ளிகளையும் சேர்த்தால்தான் கணக்கு ஆறாகும். அந்தக் கோடுகள் சில வண்டுகளில் மெலிந்தும், சிலவற்றில் ஒன்றோடொன்று கலந்து இறகையே கருமையாக்கியும் இருப்பதால், ஒரே செடியில் இரண்டு இனங்கள் இருப்பதாகத் தோன்றுவதில் வியப்பில்லை. இதுவே 1781இல் டேனிஷ் பூச்சியியலாளர் பாப்ரிசியஸ் விவரித்த இனம்; அறிவியல் பெயர் செய்லோமினஸ் செக்ஸ்மாகுலாட்டா, அதாவது ‘ஆறு புள்ளி கொண்டது’.

இதனுடன் குழப்பிக்கொள்ளக் கூடாதது கத்தரியைத் தின்னும் எபிலாக்னா வண்டு. அதன் உடல் சற்றுப் பெரியது. நுண்மயிர் போர்த்தியிருப்பதால் பளபளப்பின்றி மங்கிய செம்புநிறமாகத் தெரியும். இருபத்தெட்டுப் புள்ளிகள் வரை இருக்கும். இலையின் பச்சையத்தைச் சுரண்டி, நரம்புகளை மட்டும் வலைபோல விட்டுவைப்பது அதன் அடையாளம். அதன் புழு மஞ்சளாக, கிளைத்த முட்களுடன் இருக்கும். பொறிவண்டின் புழுவோ கருமையாகவும் வெளிர்த் திட்டுகளுடனும் நீண்ட கால்களுடனும் விரைந்து ஓடும். தாய்வண்டைப் போலவே அசுவினிகளைத் தின்னும் இந்தப் புழுவைத்தான், தோற்றத்தைப் பார்த்துப் பயந்து பலர் நசுக்கிவிடுகிறார்கள் என்பது என் வருத்தம்.

வாழிடத்தைப் பொறுத்தவரை, இதற்கென்று தனிச் செடி கிடையாது. அசுவினி எங்கே பெருகுகிறதோ அங்கே இது பறந்து செல்லும். வடகிழக்குப் பருவமழைக்குப் பின் தட்டைப்பயற்றின் பிஞ்சுகளில் கறுப்பு அசுவினி மொய்க்கும்போது இதை வயல்களில் காணலாம், பருத்தியிலும் வரும். பயிரில்லாத மாதங்களில் தரிசிலுள்ள எருக்கு இதற்கு இரையளிக்கிறது. ஆகவே வேலியோர எருக்கை வேரோடு வெட்டியெறிவது எனக்கு உடன்பாடானதன்று.

படமெடுப்பவர்கள் வண்டின் முதுகை மட்டும் நெருங்கி எடுக்காமல், அது அமர்ந்திருக்கும் செடியையும் அருகிலுள்ள அசுவினியையும் சேர்த்து எடுத்தால், இனத்தை உறுதிசெய்வது பெரிதும் எளிதாகும்.